மிஸ் என்றொரு வினைச்சொல்

கூப்பிட்டால் உடனே எழுந்து போக வசதியாக இருக்கட்டும் என்று அங்கயற்கண்ணி நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் கூப்பிடுகிற வழியாகத் தெரியவில்லை. சென்னையில் ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி, கண்ணாடிக் கதவு, எலும்பு வரைக்கும் இறங்குகிற ஏசி, மேஜைக்குப் பின்னால் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெண். இங்கேதான் கொஞ்ச நேரம் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். பேசிக் காட்டினால் பாஸ் என்று ஒரு தாள் கொடுப்பார்கள், அந்தத் தாள் இருந்தால்தான் லெஸ்டரில் இருக்கும் புருஷனிடம் போக விசா கேட்கவே முடியும். ஏற்கெனவே ஒரு தடவை பெயில். இது இரண்டாவது. யெஸ் சார், ஐ மிஸ் மை ஹஸ்பண்ட் வெரி மச் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சாராக இருந்தால் சார், மேடமாக இருந்தால் மேடம். வெரி மச் என்கிற இடத்தில் குரலை ஏற்றக் கூடாது, ஏற்றினால் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும், இறக்கினாலும் பொய் சொல்கிற மாதிரி ஆகிவிடும். பொய்யா? அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு நின்றுவிடுகிறது, நடந்து போகும்போது சேலைத் தலைப்பு பின்னால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு இழுக்கிற மாதிரி. போன வாரமெல்லாம் பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, ராத்திரி முழுக்கச் சென்னைக்கு வந்த இந்தப் பயணத்தில் அப்பாவின் தோளில் தலை சாய்ந்து விழித்துக்கொண்டே கிடந்தபோது, எப்போது ஓட்டிப் பார்த்தாலும் ஹஸ்பண்ட் வரைக்கும் சரளமாக வந்து, அதற்குப் பிறகு இழுக்கிறது.

போன தடவை அந்த மேடம் நல்லவள்தான். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மேடம். பேர் கேட்டாள், இவள் சொன்னாள். ஊர் கேட்டாள், சொன்னாள். கல்யாணமாகிவிட்டதா, யெஸ் மேடம். புருஷன் எங்கே, லெஸ்டர், யுனைடெட் கிங்டம். அவ்வளவும் தடதடவென்று வந்ததில் அவளுக்கே ஒரு குஷி. அப்போதுதான் மேடம் தலையைச் சாய்த்து, கொஞ்சம் சிரித்து, டூ யூ மிஸ் ஹிம் என்று கேட்டாள். மிஸ் தெரியும். ஏழரை மணி பஸ் மிஸ் ஆகிவிட்டது என்றால் தெரியும். தாலி கட்டும் நேரத்துக்கு வராமல் மிஸ் பண்ணிட்டியேடி என்று சிநேகிதியைத் திட்டியது தெரியும். வேலை பார்க்கிற கடையில் பில் போடும்போது ஒரு ஐட்டம் மிஸ்ஸானால் முதலாளி என்ன பாடு படுத்துவார் என்பதும் தெரியும். மிஸ் என்றால் கைதவறிப் போவது, கவனமில்லாமல் விட்டுவிடுவது. புருஷனை விட்டுவிட்டாயா என்றா கேட்கிறாள் இந்த அம்மாள்? கல்யாணமாகி ஒரு மாசம் இருந்துவிட்டுப் போனவர், திரும்ப வரவில்லை, ஊரில் ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள்தான், அதை இவளும் கேட்கிறாளா? அங்கயற்கண்ணி முதுகை நிமிர்த்தினாள். நோ மேடம், ஐ நெவர் மிஸ், என்றாள். பெருமையாகவே சொன்னாள். அந்த மேடத்தின் புருவம் கண்ணாடிக்கு மேலே ஏறி, பிறகு மெல்ல இறங்கியதைப் பார்த்ததும், என்னமோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. எது தப்பு என்று தெரியவில்லை. அதோடு வாய் கட்டிப்போயிற்று. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. வெதர் பற்றிக் கேட்டபோது கணவன் பேரைச் சொன்னாள்.

அதையும் புருஷனிடம் சொல்லித் தொலைத்தாளே, அதுதான். சொல்லியிருக்க வேண்டாம். இவளைத் தேற்றத்தான் திருமேனி அன்றைக்கு போன் பண்ணினான், என்னென்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தான், இவளும் வெகுளியாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதைச் சொன்னதும் அவன் வாய்விட்டுச் சிரித்தான். லெஸ்டரில் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிற சிரிப்பு, பின்னால் யாரோ கரண்டியால் தட்டுகிற சத்தம். அப்புறம் சிரிப்பு அடங்கி, "அப்ப என்னைய நினைக்கவே மாட்டியா, கயலு?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்டால் விளையாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதுதானே? அவள் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டாள். யோசிக்கிற ஜன்மம், எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்லும், சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் என்ன கேட்டுக்கொண்டானோ, "சரி விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான். அதிலிருந்து அவன் பேச்சு சுருங்கித்தான் போயிற்று. சாப்பிட்டியா, மாமா நல்லாருக்காரா, மழையா, வெயிலா. போனை வைத்த பிறகு, பேசினதை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தால் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அந்த வார்த்தையை ஒரு கை பார்த்துவிடுவது என்று அவள் மறுபடி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாள். சொல்லிக் கொடுப்பவள் ஷெர்லின், இவளைவிடப் பத்து வயசாவது சின்னவள், கல்லூரி முடித்த கையோடு மாடியில் பெஞ்சு போட்டு நடத்துகிறாள். எல்லாரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ், மிஸ்ஸுன்னா என்ன மிஸ்? வகுப்பே சிரித்தது, ஷெர்லினும் சிரித்தாள். அப்புறம் போர்டில் ஒரு வட்டம் போட்டாள், ஒரு அம்பு போட்டாள், அம்பு வட்டத்துக்குப் பக்கத்தால் போகிறது. "இதான் இந்த வார்த்தையோட பொறந்த வீடு. இங்கிலீஷ்காரங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொன்னது. எய்தா படல, எறிஞ்சா விழல, அதுக்குப் பேரு மிஸ். மிஸ்டேக்ல முன்னாடி நிக்குதே ஒரு மிஸ், அதுவும் இதோட பங்காளிதான். என்னைய மிஸ்ங்கிறீங்களே, அது வேற குடும்பம், மிஸ்ட்ரஸ்ங்கிறத வெட்டிச் சுருக்குனது." அம்பு படாமல் போனதிலிருந்து, கண்ணில் படாமல் போனதுக்கு வந்ததாம். அதிலிருந்து, இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று கண்டுபிடிப்பதற்கு. ரொம்பக் காலம் கழித்துத்தான் ஆள் இல்லாத வருத்தம் அதற்குள் வந்து உட்கார்ந்ததாம். அங்கயற்கண்ணி அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெர்லின் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஐ மிஸ் யூ சொல்லலாம், ஐ ஆம் மிஸ்ஸிங் யூ சொல்லலாம், ஆனால் மை ஹஸ்பண்ட் இஸ் மிஸ்ஸிங் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், போலீஸ் வந்துவிடும். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றில் அதுதான் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று ஷெர்லின் கேட்டபோது ஞாபகம் வருது என்றது ஒரு குரல், கவலையா இருக்கு என்றது இன்னொன்று. கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பெண், துபாயில் புருஷன், எப்போதும் வாயே திறக்காதவள், "எனக்கு அவரத் தேடுது மிஸ்" என்றாள். எல்லாரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்கிற வார்த்தை அது. பாப்பாவுக்கு அம்மாவைத் தேடுது, காய்ச்சலே வந்துருச்சு என்பார்கள். வளர்ந்த பெண் தன் வாயால் சொல்லி இவள் கேட்டதில்லை. எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது என்கிற மாதிரி, எனக்குத் தேடுது. தேடுவது நான் இல்லை. என்னைக் கேட்காமல் எனக்குள்ளே என்னமோ ஒன்று எழுந்து தேடிக்கொண்டு போகிறது.

எனக்குத் தேடுதா? ஏசிக் காற்று பிடரியில் படிந்தது. அவள் கண்ணை மூடி அவனைக் கொண்டுவரப் பார்த்தாள். வந்தது போனில் வருகிற முகம், கீழேயிருந்து வெளிச்சம் அடித்து, மூக்குத் துவாரம் பெரிதாகி, நெட் சரியில்லாமல் வாய் திறந்தபடி உறைந்து நிற்கிற முகம். அது இல்லை. அதற்கு முன்னால் இருந்ததே, அது. கல்யாணமாகி இவர்கள் வீட்டில் இருந்த அந்த ஒரு மாசத்தில் எத்தனை தடவை பக்கத்திலிருந்து பார்த்திருப்பாள்? பார்க்கவில்லையோ. அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களிலேயே கல்யாண வயசு கடந்துபோய், அம்மாவும் போய், இனி இல்லை என்று பழகிக்கொண்ட பிறகு வந்த கல்யாணம். நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. கைகளைத்தான் பார்த்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் வெங்காய வாடை போகாத கைகள், முழங்கைக்குக் கீழே கல்லில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பு, இலை வடிவத்தில். ஒரு நாள் சாயங்காலம் இவளை அடுப்படியிலிருந்து தள்ளிவிட்டு அவனே ஆம்லெட் போட்டான், கரண்டியில்லாமல், சட்டியை ஒரு உலுக்கு உலுக்கி. மதுரை காளவாசல் சிக்னலில் ரோட்டைக் கடக்கும்போது மணிக்கட்டைப் பிடித்தான். கையைக்கூட இல்லை, மணிக்கட்டை, பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. பஸ்ஸும் ஆட்டோவும் மேலே ஏறுகிற மாதிரி வந்தன, இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை, விட மறந்துவிட்டான், பூக்காரி பார்த்துச் சிரித்த பிறகுதான் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். இப்போது மடியில் கிடந்த அந்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தாள். சின்னதாகத்தான் இருந்தது. முகத்தை மறந்துவிட்டேனே, முகத்தை மறந்தவள் வெரி மச் என்று எந்த வாயால் சொல்வது? அங்கே போய் ஏர்போர்ட்டில் இறங்கி, இவர்தானா என்று யோசித்துக்கொண்டு நிற்பேனோ, அந்த ஒரு நிமிஷத்தை அவர் மறுபடியும் பார்த்துவிடுவாரோ? எய்வது எல்லாம் அந்த உறைந்த முகத்தில்தான் போய்க் குத்துகிறது. அவர் அதற்குப் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறார்.

"தண்ணி குடிக்கிறியா பாப்பா?" என்றார் பக்கத்தில் இருந்த அப்பா.

"வேணாம்ப்பா. அப்பறம் நடுவுல பாத்ரூம் வந்துரும்."

"ம்." சீனிச்சாமி பாட்டிலை மறுபடி பையில் வைத்தார். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் கொஞ்சம் முன்னால் நீட்டியே இருக்கும். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "இதுலயும் ஆகலைன்னா, அடுத்தது எப்ப வைப்பாங்க?"

"ஏம்ப்பா, ஆகாதுங்கிறியா?"

"அட, சும்மா கேட்டேன். கேக்கக் கூடாதா?"

"கட்டணம் கட்டுனா எப்ப வேணா எழுதலாமாம்."

"அப்பச் சரி. அவசரமில்ல," என்றார். சொன்ன பிறகு அந்தக் கடைசி வார்த்தை அவருக்கே கேட்டிருக்க வேண்டும், செருமிக்கொண்டு, "இல்ல, பதறாம பேசுன்னு சொல்றேன்," என்றார்.

அவசரமில்லை. அங்கயற்கண்ணி அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். போன தடவை பெயில் என்று வெளியே வந்து சொன்னபோது இந்த முகத்தில் ஒன்று வந்து போயிற்றே, வருத்தத்துக்கு முந்தி வந்த ஒன்று, அதை இவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். பாவம், அவருக்கே தெரிந்திருக்காது. வீட்டுக்குப் போகிற வழியில் அல்வா வாங்கித் தந்தார், பெயிலானதற்கு அல்வா. பொல்லாத ஆள் இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசி முடித்ததும் அவர்தான், பாஸ்போர்ட் ஆபீசுக்கு அலைந்ததும் அவர்தான். ஆனால் ராத்திரி பத்து மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் கதவைத் தாழ் போட்டுவிட்டு அவர் ஒரு தடவை வீட்டை முழுக்கப் பார்ப்பார், யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கிற மாதிரி, இருப்பதே இரண்டு பேர். இவளும் போய்விட்டால் யாரைப் பார்ப்பார்? வேலையில் இருந்த காலத்தில் டிப்போவிலிருந்து கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், எடுக்கக் கூடாது, அடித்து நின்றால் சோற்றை வடி என்று அர்த்தம். தவறவிடுவதற்கென்றே கொடுத்த அழைப்பு. இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நம் ஊரில் என்னவெல்லாம் பண்ணுகிறார்கள், ஷெர்லினுக்கே தெரியாது. லெஸ்டரில் குளிராம், ஜன்னலைத் திறக்க முடியாதாம். அங்கே ஒரு அறையில் வெங்காய வாடைக் கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் தனியாகத் தாழ் போடுகிறவரை நினைத்துக்கொண்டிருப்பேன். இங்கே இருந்தால் அவர், அங்கே போனால் இவர். எங்கே போனாலும் ஒரு ஆள் குறையத்தான் போகிறது. அப்படியானால் எதற்காகப் போவது? மணிக்கட்டு சொன்னது எதற்கென்று. அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது, அப்பா பக்கத்தில் இருக்கும்போது.

"அங்... அங்கயர்... கண்ணி?" என்று மேஜைப் பெண் தடுக்கித் தடுக்கிக் கூப்பிட்டாள்.

அப்பா அவளுக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார். "போ, போ. பதறாத," என்றார், குரல் அவருக்குத்தான் பதறியது.

உள்ளே இருந்தவர் ஒரு சார். நரைத்த தாடி, முழுக்கைச் சட்டை, மேஜையில் சின்னதாக ஒரு ரெக்கார்டர். குட் மார்னிங் என்றார், இவளும் குட் மார்னிங் சார் என்றாள், குரல் வந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம். பேர் கேட்டார். டெல் மீ அபௌட் யுவர் டவுன் என்றார். மை டவுன் இஸ் மதுரை. இட் இஸ் வெரி ஹாட். தேர் இஸ் எ ரிவர். நோ வாட்டர். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார், சிரிப்பை அடக்குகிறாரா? பரவாயில்லை. கணவர் என்ன செய்கிறார்? ஹி இஸ் எ குக், சார். வீட்டிலும் சமைப்பாரா? யெஸ் சார். ஒன் டே. ஆம்லெட். வெரி நைஸ் ஆம்லெட். இதோ வரப்போகிறது, அடுத்த கேள்வி அதுதான், டூ யூ மிஸ் ஹிம், அவள் சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு தயாராக இருந்தாள், யெஸ் சார், ஐ மிஸ். அவர் கேட்டது மார்க்கெட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று. பை பஸ். என்ன வாங்குவீர்கள்? ஆனியன், டொமாட்டோ. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? சொன்னாள். பிடித்த நிறம்? சொன்னாள். கேட்க மாட்டாரோ? வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்க ஆள் இல்லாத பொட்டலம் மாதிரி அது நாக்கில் கனத்துக்கொண்டே இருந்தது. தேங்க் யூ, தட் இஸ் த எண்ட் ஆஃப் த டெஸ்ட் என்று அவர் ரெக்கார்டரை அமுக்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. 

"சார்," என்றாள். "ஐ மிஸ் மை ஹஸ்பண்ட்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குரல் ஏறியதா, இறங்கியதா என்று அவளுக்கே தெரியவில்லை, அதைப் பார்த்துக்கொள்ள மறந்துபோயிருந்தது. கதவிடுக்கில் மாட்டிய துணி எப்போது விடுபட்டதென்றும் தெரியவில்லை. பரீட்சை முடிந்துவிட்டதென்று அவர் மறுபடி சொல்லப்போகிறார் என்று அவசரமாக, "மை ஃபாதர் ஆல்ஸோ," என்றாள். "நாட் நவ். ஆஃப்டர்." வெளியே கதவைக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒருவர் வலது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பரீட்சைக்காரர் குரலில் இல்லாமல், வீட்டில் யாரிடமோ பேசுகிற குரலில், "வில் மிஸ்," என்றார். "ஐ வில் மிஸ் மை ஃபாதர்."

"ஐ வில் மிஸ் மை ஃபாதர்," என்றாள் அங்கயற்கண்ணி. சொல்லி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. இன்னும் நடக்காத ஒன்றுக்கு, ஒரு சின்ன வில் போட்டால் போதும், அது இப்போதே வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறது.

"குட்," என்றார் அவர். அவ்வளவுதான். இவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன கேட்டாரு?" என்றார் அப்பா.

"ஊரப் பத்திக் கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"வெயிலு அடிக்கும், ஆத்துல தண்ணி இல்லன்னு."

"நெசத்தத்தானே சொல்லிருக்க. அதுல என்ன குத்தம் கண்டுபிடிப்பாங்க," என்றார் சீனிச்சாமி. அவள் கண்ணைப் பார்த்தார், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். படியிறங்கி வந்ததும் டீ வாங்கி வருகிறேன் என்று ரோட்டைக் கடந்து போனார். அவள் பாஸ்தான். பாஸ் என்கிற தாள் பிறகு வந்து சேர்ந்தது, விசாவும் வந்தது, கிளம்பும் நாளில் அப்பா ஏர்போர்ட் வாசலில் பையைக் கையில் கொடுக்க மறந்து நின்றதும் நடந்தது. ஆனால் அதெல்லாம் அந்த மத்தியானத்தில் அவளுக்குத் தெரியாது. மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர்கள் நிற்கிற நிழலில், போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அங்கே இன்னும் நன்றாக விடிந்திருக்காது. நேற்று ராத்திரி கடையை மூடிவிட்டுப் படுத்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். வழக்கமாக அவன்தான் கூப்பிடுவான், ஏதாவது காரியம் இருந்தால்தான் இவள் கூப்பிடுவாள். வீடியோ வேண்டாம் என்று தோன்றியது, வெறும் குரலுக்கான பொத்தானை அமுக்கினாள். நிறைய நேரம் அடித்தது.

"கயலு? என்னாச்சு?" தூக்கத்தில் கரகரத்த குரல். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அப்பறம்தான் தெரியுமாம்."

"மாமாவுக்கு ஏதும் முடியலையா?"

"அப்பா டீ வாங்கப் போயிருக்காரு. நல்லாத்தான் இருக்காரு."

"பின்ன என்ன, இந்நேரத்துல?"

ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று. அது போகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "சும்மாதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் போர்வை விலகுகிற சரசரப்பு, கட்டிலில் எழுந்து உட்காருகிற சத்தம், ஒரு மூச்சு. அந்த மூச்சு அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாசம் காதுக்குப் பக்கத்தில் கேட்ட மூச்சு அது, எந்தக் கூட்டத்தில் விட்டாலும் இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள்.

"தூங்குங்க," என்றாள். "வைக்கிறேன்."

"வச்சிராத," என்றான் அவன். "பேச வேணாம். சும்மா இரு. வச்சிராத."